தண்ணீர் குடித்த கடைத்தெரு

மழை வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் என் மாமியாரின் குரல் வந்துவிடும்.

“அடித்தட்டத் தூக்குங்க! பாலியெஸ்டரு கெடக்கட்டும், மொதல்ல பருத்தியத் தூக்குங்க!”

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்கள் கீழ் வரிசைச் சேலைக் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு மரப்படியில் ஏறுவார்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் ஐப்பசியில், ஏதோ விபத்து நடந்துவிட்டது என்று நினைத்து நானும் ஓடிப்போய் ஒரு கட்டைத் தூக்கினேன். பிறகுதான் தெரிந்தது, அது வருஷா வருஷம் நடப்பது. ரம்ஜான், பொங்கல் மாதிரி அதற்கும் ஒரு பருவம் இருந்தது.

கள்ளக்குறிச்சி கடைவீதியிலிருந்து பிரியும் சின்னத் தெரு எங்களுடையது. ஜவுளி, பாத்திரம், செருப்பு, வெற்றிலை பாக்கு, எங்களுக்கு எதிரே ஒரு அரிசி மண்டி, முனையில் ஒரு டீக்கடை. தெருவின் இரண்டு முனையிலும் பெரிய சாலைகள். இரண்டும் எங்கள் தெருவைவிட உயரம். அதனால் சுற்றுவட்டாரத்தில் பெய்த மழையெல்லாம் எங்களிடம்தான் வந்து சேரும். சாக்கடை நிரம்பி எதிர்த்து ஏறும். செருப்புக் கடையின் ஒற்றைச் செருப்புகள் முழங்கால் தண்ணீரில் ஊர்வலம் போகும்.

ரோடு பழுதானால் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது ரோடு போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். ரோடு ஏற ஏறக் கடைகள் இறங்கின. கடைக்காரர்கள் படி கட்டி வாசலை உயர்த்தினார்கள். ஒருவர் உயர்த்தினால் அவர் வாசலில் ஏற வேண்டிய தண்ணீர் பக்கத்துக் கடைக்குப் போகும். அவர் இன்னும் ஒரு படி சேர்த்து உயர்த்துவார். இந்தப் போட்டியில் ஜெயித்தவர் அரிசி மண்டிக்காரர். அவர் மண்டிக்குள் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குக் கடைசிப் படியில் மூச்சு வாங்கும். தோற்றவர்கள் நாங்கள். மாமியார் வாசலை உயர்த்தச் சம்மதிக்கவே இல்லை. “கடைக்கு வர்ற பொம்பளைங்க மலையா ஏறிகினு வருவாங்க?” என்பார்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு நிறுவனத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மழைநீர் வடிகால் வரைந்துகொண்டிருந்தேன். அங்கே தண்ணீர் கணினித் திரையில் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான். இங்கே வந்தபிறகு கடையின் பின்கட்டில் மேசை போட்டு, வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுத்தேன். கணவர் கொள்முதலுக்காகப் பாதி மாதம் ஈரோட்டிலும் சூரத்திலும் இருப்பார். கடை மாமியாருடையது. மாமனார் இறந்தபோது கடையை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் கல்லாவில் உட்கார்ந்தபடியே பேசி அனுப்பியவர் அவர். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர் ஒரு பார்வை பார்த்தால், மொத்த வியாபாரிகள் விலையைத் தாங்களாகவே குறைப்பார்கள்.

ஒரு தை மாதம், எங்கள் தெருவுக்குச் சிமெண்டு ரோடு வரப்போவதாகச் செய்தி வந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் வரவில்லை. சிமெண்டு ரோடு என்றால் இன்னும் ஒரு சாண் உயரம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே இறங்காது. அன்று மதியம் சாப்பிடும்போது மாமியாரிடம் சொன்னேன்.

“மாமி, தண்ணிய வெளிய தள்ளுற ரோடு நமக்கு ஆகாது. உள்ள இழுக்குற ரோடு போடணும்.”

“ரோடு இன்னா ஒட்டகமா, தண்ணி குடிக்க?”

விளக்கினேன். மேலே பேவர் பிளாக் கற்கள், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு. இடைவெளிகளில் பொடி ஜல்லி. அதற்கு அடியில் முக்கால் அங்குல ஜல்லி. அதற்கும் அடியில் பெரிய ஜல்லி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற காலி இடத்தில் மழைத் தண்ணீர் போய்த் தங்கிக்கொள்ளும், பிறகு மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். தெருவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு குளம்.

மாமியார் மீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கேட்டார். “தண்ணி ரோட்டுக்கு அடியில நின்னுகினு இருந்தா நம்ம கடைக்குள்ள வராது. அதான?”

“அதான் மாமி.”

“அத மொதல்ல சொல்லக் கூடாதா? கைய கழுவு. முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போலாம்.”

ரோடு வேலைகளைக் கவனிக்கும் பொறியாளர் நிதானமான மனிதர். நான் வரைந்து கொண்டுபோனதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய நகரங்களில் இப்படிப்பட்ட நடைபாதைகளைப் பார்த்திருக்கிறார். லாரி வந்துபோகும் கடைத்தெருவில் பார்த்ததில்லை.

“எனக்கும் ஆசைதாம்மா. ஆனா மண்ணு ஒத்துக்கணும், தெருக்காரங்க ஒத்துக்கணும். ரெண்டையும் காட்டுங்க, நான் மேல எழுதுறேன்” என்றார்.

மண்ணிலிருந்து தொடங்கினேன். எங்கள் கடை வாசலில் ரோட்டைப் பெயர்த்துத் தொட்டி மாதிரி ஒரு குழி தோண்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க ஓர் அளவுகோலைச் செருகி வைத்தேன். காலையில் ஊற்றியது. மதியம் லுஹர் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் அப்படியே நின்றது. சுத்தமான கரிசல் களிமண். பிசைந்தால் கையைவிட்டுப் போகாத மண்.

எதிர் மண்டியின் உச்சிப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அரிசி மண்டிக்காரர் தெரு முழுக்கக் கேட்கும்படிக் கேட்டார்.

“இன்ஜினியரம்மா! தண்ணி எறங்குதா, இல்ல மீனு வாங்கியாந்து வுடலாமா?”

தெரு சிரித்தது. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கையில் அப்பிய களிமண்ணோடு பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அதுவும் மண்ணின் மேல்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் மேசையில் கிடந்த வீட்டுப் பிளான்கள் கண்ணில் பட்டன. பக்கத்துத் தெருவில் அஸ்திவாரம் தோண்டிய வீடுகள். அந்தக் குழிகளில் நானே இறங்கி நின்றிருக்கிறேன். கரிசல் மண் இடுப்பளவுதான் இருந்தது. அதற்குக் கீழே வெளுத்த சுக்கான் கல், அதற்கும் கீழே கையால் உதிர்க்க முடிகிற பாறை. கரிசல் ஒரு மூடிதான். மூடியின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பானை குடிக்கவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அதே குழியை இன்னும் ஆழப்படுத்தச் சொன்னேன். கடப்பாரையின் சத்தம் மாறியது. வெள்ளையாகப் பொலபொலவென்று மண் வந்தது. ஊற்றிய முதல் குடம் அடியைத் தொட்டதும் காணாமல் போனது. இரண்டாவது குடமும். கடைப் பெண்கள் வரிசையாக நின்று குடங்களைக் கை மாற்றிக் கொடுத்தார்கள். குழி நிறைந்த மாதிரி இருக்கும். கண்ணெதிரே மட்டம் இறங்கிக்கொண்டே போகும்.

மண்டிக்காரர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். குழிக்குள் பார்த்தார்.

“எங்க போச்சு?”

“கீழ போச்சுங்க ஐயா.”

“கீழன்னா?”

“கரிசலுக்கு அடியில பாறை ஒடஞ்சு கெடக்குங்க. அதுக்குள்ள போயிடுச்சு. தெரு நெடுக இந்த மாதிரி குழிங்க எடுத்து, ஜல்லி ரொப்பிட்டா, மேல வர்ற தண்ணிக்கு வழி கெடச்சுரும்.”

அவர் குழியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியில் கிண்டல் இல்லை.

“அது சரி. என் லோடு லாரி வந்து நின்னா? கேப்பு வுட்ட கல்லு தாங்குமா? மூட்டையோட அமுந்து போச்சுன்னா என் பொழப்பு இன்னாகறது?”

நியாயமான கேள்வி. வாயால் பதில் சொன்னால் நிற்காது. “உங்க மண்டி வாசல்லயே ஒரு துண்டு போட்டுக் காட்டுறேன் ஐயா. உங்க லாரியவே நிறுத்திப் பாருங்க” என்றேன்.

“போடு” என்றார்.

கல் வாங்க நானும் மாமியாரும் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போனோம். தனியாகப் போகிறேன் என்றால் விடவில்லை. “உனக்குக் கல்லு தெரியும், வெல பேசத் தெரியாது” என்று சொல்லி ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அடிவாரத்துக் கல் உடைக்கும் ஆலையில் எல்லாமே சாம்பல் நிறமாக இருந்தது. மரம், கொட்டகை, ஆட்களின் புருவம். ஆலைக்காரரிடம் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். ஜல்லி வேண்டும். ஆனால் தூசியே இருக்கக் கூடாது. தூசி இருந்தால் இடைவெளிகளை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் அது சாதாரண ரோடுதான்.

அவர் சிரித்தார். “ஜல்லியக் கழுவித் தரணுமா? இது இன்னா அரிசியா, களஞ்சு குடுக்க? இவ்ளோ வருசமா கல்லு ஒடைக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லீங்க. இதுவே சுத்தமான கல்லுதான்.”

நான் அளவுகளையும் சல்லடைக் கணக்கையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார், கேட்கவில்லை. மாமியார் ஆட்டோவை விட்டு இறங்கி நேராக ஜல்லிக் குவியலுக்குப் போனார். குனிந்து ஒரு கை அள்ளித் தன் வெள்ளைத் துப்பட்டியின் முனையில் போட்டுத் தேய்த்தார். உதறிவிட்டு அந்த முனையை ஆலைக்காரரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மை தீற்றியது மாதிரிச் சாம்பல்.

“ஜவுளிக்கடக்காரிகிட்டயே அழுக்குத் துணியக் காட்டி புதுசுன்றீங்களே! கழுவிப் போடுங்க. துப்பட்டி வெள்ளையா இருந்தா லோடு எறக்குவோம். கருத்துச்சுன்னா வந்த வண்டியிலயே திருப்பி ஏத்துவோம். நாளைக்கு ஊரே இந்த மாதிரி ரோடு போடும். அப்ப உங்ககிட்டதான் வருவாங்க.”

ஆலைக்காரர் துப்பட்டியைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பி, சுற்றுகிற சல்லடையின் மேல் தண்ணீர்க் குழாயைக் கட்டச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். மாமியார் அழுக்கான முனையை மடித்துப் பிடித்தபடி, “இது சோப்புக்குப் போகுமா?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு லோடுக்கும் அதே சோதனை நடந்தது. அதற்கென்றே ஒரு பழைய துப்பட்டி கடை ஆணியில் தொங்கியது. லாரி ஓட்டுநர்கள் அதைப் பார்த்ததும் தாங்களே ஒரு கை ஜல்லி எடுத்து நீட்டுவார்கள்.

மண்டி வாசலில் மாதிரித் துண்டு தயாரானது. ஒரு காலையில் லாரி முழுச் சுமையோடு வந்து அதன் மேல் நின்றது. தெருவில் வேலை நடக்கவில்லை. எல்லோரும் சக்கரத்தையே பார்த்தார்கள். முன் சக்கரங்கள் நன்றாக நின்றன. பின் சக்கரம் ஒன்றின் கீழே கற்கள் மெல்ல அமுங்கின. இரண்டு விரல் ஆழம்.

மண்டிக்காரர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு மண்டிக்குள் போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லாரி போனதும் அந்த இடத்துக் கற்களை நானே கழற்றினேன். ஜல்லியை அள்ளி வெளியே போட்டேன். அடியில், என்றோ புதைத்துக் கைவிட்ட ஒரு தண்ணீர்க் குழாயின் பள்ளம். குப்பையையும் செங்கல் துண்டையும் போட்டு மூடியிருந்தார்கள். ஜல்லி குற்றவாளி இல்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. குழாயை எடுத்துவிட்டு, பள்ளத்தைச் சுத்தம் செய்து, அடுக்கடுக்காக ஜல்லி போட்டு, அதிர்வு இயந்திரத்தால் இறுக்கி, கற்களை மறுபடி பதித்தோம்.

அடுத்த லோடு வந்தது. லாரி நின்றது. மூட்டைகள் இறங்கின. லாரி போனபிறகு மண்டிக்காரர் சாக்கு தைக்கும் சணல் நூல் ஒன்றை எடுத்துவந்து, ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு குனிந்தார். நூலை விறைப்பாகக் கற்களின் மேல் இழுத்துப் பிடித்தோம். நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை.

“நிக்கிது” என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, தெருவைப் பார்த்துச் சத்தமாக மறுபடி சொன்னார். “நிக்கிதுய்யா!”

தெருக்காரர்கள் கூட்டம் அவருடைய மண்டியிலேயே, அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நடந்தது. சம்மதக் கையெழுத்தை முதலில் போட்டவர் அவர்தான். டீக்கடைக்காரர் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை இனித் தெருவில் ஊற்றக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். “அவரு ஊத்துனா அவரு டீய நாம குடிக்க வாணாம்” என்றார் மாமியார். பிரச்சினை அத்துடன் முடிந்தது.

பொறியாளர் மேலே எழுதி ஒப்புதல் வந்ததும், கோடையில் வேலை தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் நைனார்பாளையம் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேஸ்திரியும் பெண்தான். கட்டைக் குரல், தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. பழைய ரோட்டை வெட்டியபோது அடுக்கடுக்காகத் தார் வந்தது. வெட்ட வெட்டத் தெரு இறங்கியது, கடைகள் உயர்ந்தன. எங்கள் வாசலில், புதைந்துபோயிருந்த இரண்டு கருங்கல் படிகள் வெளியே வந்தன. மாமியார் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவற்றில் ஒன்றின் மேல் ஏறி நின்றார். “பாத்தியா, நான் ஒசத்தவே இல்ல. ரோடுதான் எறங்கி வந்துச்சு!” என்றார். அவ்வளவு பெருமையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

தெரு நெடுகச் சுக்கான்வரை குழிகள் தோண்டினோம். களிமண் ஏறி ஜல்லியை அடைக்காமல் இருக்க அடியில் விரிக்கும் துணி, சுருள் சுருளாக வந்து இறங்கியது. துணி என்றதும் மாமியாரால் சும்மா இருக்க முடியவில்லை. முனையைத் தடவினார், இழுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பாவும் இல்ல, ஊடையும் இல்ல. எவன் நெஞ்சான் இத?”

“நெய்யறதில்ல மாமி. அழுத்திச் செய்யறது.”

“கிழியுதா பாரு” என்று ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். இரண்டு பேரும் பலம்கொண்ட மட்டும் இழுத்தோம். கிழியவில்லை. “நல்ல சரக்கு” என்று சான்று கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

கடைசிக் கட்டத்தில்தான் எனக்கும் மேஸ்திரிக்கும் மோதல் வந்தது. கற்களைப் பதித்துக்கொண்டு வந்த மேஸ்திரி, எப்போதும் செய்கிற வழக்கப்படி இடைவெளிகளில் மணலைப் பரப்பித் துடைப்பத்தால் தள்ளத் தொடங்கியிருந்தார். ஓடினேன்.

“மணலு வாணாங்க! நிறுத்துங்க!”

“மணலு போடாம கல்லு எப்புடி நிக்கும்? நான் போடாத ரோடா? ஆடிப் பூடும்மா.”

“பொடி ஜல்லி போடுங்க. அதுவே கல்ல புடிச்சுக்கும்.”

“வெயில்ல வேல செய்யறவங்களுக்குத் தெரியாதா?” என்று அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து அவரிடமே கொடுத்தேன். “மணலு போட்ட எடத்துல பாதி ஊத்துங்க. ஜல்லி போட்ட எடத்துல மீதிய ஊத்துங்க.”

ஊற்றினார். மணலின் மேல் தண்ணீர் தயங்கி, பரவி, அவர் கால் விரல்களை நனைத்துக்கொண்டு ஓடியது. ஜல்லியின் மேல் ஊற்றியது, ஊற்றிய இடத்திலேயே உள்ளே போனது. அவர் வாளியின் அடியைப் பார்த்தார், தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்று. இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னார். அதையும் ஊற்றினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

“இன்னா நின்னுகினு வேடிக்க? மணலு போட்ட கல்லெல்லாம் பேத்து எடுங்க! சுத்தமா தொடச்சுட்டுத் திருப்பிப் போடுங்க!”

ஒரு நாள் வேலை வீணானது. அதன்பிறகு அந்தத் தெருவுக்குள் ஒரு கைப்பிடி மணல்கூட வர அவர் விடவில்லை.

தெரு முடிந்தபோது ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னத் தூறல்கள் வந்தன, போயின. அதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. “இருக்கட்டும், ஐப்பசி வரட்டும்” என்றார் மண்டிக்காரர். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான். வரைபடத்தில் சரி, வாளியில் சரி. வானம் வந்து பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் தொழிலுக்கு அதுதான் ஆண்டின் பெரிய நாள். ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களிலிருந்து கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு துணி எடுக்க வருவார்கள். போன வருஷம் அந்த நாளில் மழை பெய்து, வந்த பஸ்ஸிலேயே அவர்கள் திரும்பிப் போனார்கள். இந்த வருஷம் மதியம் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கடை நிறையக் கூட்டம். மாமியார் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். அடித்தட்டைத் தூக்கச் சொல்லி வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“தூக்க வாணாமா?”

“வாணாம் மாமி” என்றேன்.

மழை இறங்கியது. எதிர் மண்டி தெரியாத அளவுக்கு வெள்ளையாகக் கொட்டியது. இரண்டு முனையிலும் பெரிய சாலைகளில் தண்ணீர் புரண்டு, வழக்கம்போல் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. திரும்பிய தண்ணீர், முதல் சில கற்களைத் தாண்டுவதற்குள் மெலிந்தது. இன்னும் சில கற்களைத் தாண்டியதும் பளபளப்பு மட்டும் மிச்சம். கற்களின் இடுக்குகளில் குமிழிகள் வெடித்தன. கீழே இருந்த காற்று தண்ணீருக்கு இடம் விட்டு மேலே வந்துகொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் தெரு முழுக்க உறிஞ்சுகிற ஓசை கேட்டது.

நான் படியில் இறங்கி மழையிலேயே தெரு நடுவில் போய் நின்றேன். கீழே பார்த்தேன். பாதம் தெரிந்தது. பாதத்தின் கீழே கல் தெரிந்தது.

“நிக்கல!” என்று கத்தினேன். “மாமி, தண்ணி நிக்கல!”

கடையிலிருந்த பெண்கள் கையில் பிடித்த சேலையோடு வாசலுக்கு வந்தார்கள். பாத்திரக்கடை, செருப்புக்கடை, எல்லா வாசலிலும் தலைகள். மண்டிக்காரர் குடையில்லாமல் தன் படிகளை விட்டு இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், பழக்கத்தில். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மடிப்பை அவிழ்த்து வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். “இன்ஜினியரம்மா, இன்னிக்கு வேட்டி நனையாதுன்னு பாத்தா, மேலருந்து நனையுது!” என்றார். இந்த முறை தெரு சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

பெரிய சாலையில் முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்ட ஜனங்கள், காய்ந்த தரை கண்ட மாதிரி எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் கடைகளில் ஏறினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வாசலில் செருப்பைத் திருப்பிப் பார்த்து, “இன்னா இந்தத் தெருவுல மழயே பெய்யலயா?” என்று கேட்டாள். மாமியார் அவளை உட்கார வைத்து, முதலில் குழந்தைக்குத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு, “பெஞ்சுகினுதான் இருக்கு. எங்க மருமவ ரோட்டுக்கு ஊத்திக்கினு இருக்கா” என்றார். அன்று கடை மூட முடியாத அளவுக்குக் கூட்டம். பருத்திச் சேலைகள் அடித்தட்டிலேயே இருந்து விற்றுத் தீர்ந்தன.

பொறியாளர் மழையிலேயே வந்தார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார், திரும்பி நடந்தார். என் அருகில் வந்து, “இத நான் ஊர்ல எல்லா ஆபீசருக்கும் காட்டணும். மழ நிக்கறதுக்குள்ள போட்டோ எடுத்துக்கறேன்” என்று செல்போனைத் துடைத்துக்கொண்டே ஓடினார்.

தீபாவளி கழிந்த வாரத்தில் மண்டிக்காரர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மண்டியின் பின்புறம் ஒரு கிணறு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். தகரம் போட்டு மூடி, மேலே கிழிந்த சாக்குகளைக் குவித்து வைத்திருந்தார். வற்றிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். ஏதோ சந்தேகத்தில் அன்று காலை திறந்திருக்கிறார். தகரத்தை நகர்த்தி, ஒரு சின்னக் கல்லை என்னிடம் கொடுத்தார்.

“போடுங்க.”

போட்டேன். கீழேயிருந்து ‘தொளக்’ என்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்தால் ஆழத்தில் வட்டமாக வானம் அசைந்துகொண்டிருந்தது.

“உங்க குழிங்க பண்ண வேலதான?” என்றார். கிணற்றுச் சுவரைத் தட்டிக் கொடுத்தார். “மோட்டாரு வெக்க மாட்டேன். கம்மியோ ஜாஸ்தியோ, அது பாட்டுக்கு ஊறட்டும்.” பிறகு அந்த மாதமே கொத்தனாரை வரவழைத்துத் தன் உயரமான படிகளில் பாதியை இடித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் எனக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தார்கள்.

பாத்திரக்கடைத் தெரு இந்த மாதிரி ரோடு கேட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து கேட்டது. தை பிறந்ததும் மணலூர்பேட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சந்தை கூடும் இடத்தில் மழை பெய்தால் சேறு, காய்கறிக் கூடையைக் கீழே வைக்க முடியவில்லை, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மாமியார் கடையை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

சந்தையில் நாங்கள் இறங்கியதும் காய்கறி விற்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “இங்க வந்து பாருங்கம்மா, எங்க எடத்துலதான் ஜாஸ்தி நிக்கும்” என்று ஒருத்தி என் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். “அவ பொய் சொல்றா, எங்க எடம்தான் கொளம்” என்று இன்னொருத்தி மறு கையை இழுத்தாள். கத்தரிக்காய்க் கூடைக்கும் வெண்டைக்காய்க் கூடைக்கும் நடுவில் நான் ஆடிக்கொண்டு நின்றேன்.

“எல்லாத்தையும் எங்க மருமவ பாப்பா. ஒவ்வொருத்தியா காட்டுங்க” என்று மாமியார் அவர்களை வரிசையில் நிறுத்தினார். நான் பையிலிருந்து சுண்ணாம்புப் பொடியை எடுத்து, மேடு எது, பள்ளம் எது என்று பார்த்துப் பார்த்து, அந்தச் சந்தை மண்ணின் மேல் முதல் கோட்டைப் போட்டேன்.